பதினோரு வேலிச் சேதங்கள்

அரசாங்கத்துக்குக் கொடுக்கிற மகஜரில் பதின்மூன்று ஒப்பங்கள் இருந்தன. பதின்மூன்றையும் நானே வீடு வீடாகப் போய் வாங்கினேன். எழுபத்து நாலு வயதில், தேய்த்த வெள்ளைச் சட்டையும் சாறனும் உடுத்து, குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலும் கதிரை போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கதைத்தேன். கேட்டுப் போகிற காரியம் என்றாலும் நின்றுகொண்டு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கல்முனை நீதிமன்றத்தில் முப்பத்து நாலு வருடம் உரைபெயர்ப்பாளராக இருந்தவன் நான். முத்தலிப் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஊரில் குறைவு. முதலியார் என்பார்கள். நீதிமன்ற உரைபெயர்ப்பாளருக்கு அந்தக் காலத்துப் பட்டம் அது. பொலிஸார் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும், சாட்சிக்காரர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்வது என் வேலை. ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அதில் ஒரு விதி உண்டு. சாட்சிக்காரர் ‘நான்’ என்றால் உரைபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க முடியாது. ‘நான்தான் வெட்டினேன்’ என்று அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்பேன்.

எங்கள் தெருவுக்கு விதானையார் வீதி என்று பெயர். என் மனைவி சுஹறாவின் பாட்டனார் வட்டை விதானையாக இருந்தவர். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற நாளை அவர்தான் சொல்வார். அவருடைய காலத்தில் எழும்பிய வீடுகள் இங்கே பதினைந்து. எட்டு வீடுகள் விதானையார் வீதியைப் பார்த்து நிற்கின்றன. ஏழு வீடுகள் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின் ஒழுங்கையைப் பார்த்து நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்தும் பீங்கான் போல வழுவழுத்த தரையும் தாழ்ந்த ஓட்டுக் கூரையும் கொண்ட வீடுகள். விறாந்தைகள் எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதால், ஒரு தொங்கலில் நின்று பார்த்தால் மறு தொங்கல் வரைக்கும் மரத்தூண்கள் வரிசையாகத் தெரியும். கடல் பக்கத்தில் இதைப் போல மூன்று தெருக்கள் இருந்தன. சுனாமி கொண்டுபோனது. மிஞ்சியது இது ஒன்றுதான்.

பல்கலைக்கழகம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்தபோது எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. எனக்கும்தான். ஆனால் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்க வர, தங்குவதற்கு அறை வேண்டியதாயிற்று. மூன்று வருடத்துக்கு முந்தி மூலை வீட்டை அஷ்ரப்பின் குடும்பம் விற்றது. வாங்கிய கொன்றாக்டர் அதை நாலு நாளில் உடைத்தான். இப்போது அந்த இடத்தில் நாலு மாடி ஹொஸ்டல் நிற்கிறது. மேலே கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. ஒவ்வொரு தட்டிலும் காய்கிற உடுப்புகள். வரிசையாக நின்ற தூண்களுக்கு முன்னால் அது ஒரு கடைவாய்ப் பல் போல நிற்கிறது. அவனே பிறகு எங்கள் மற்றப் பதினான்கு வீட்டுக்கும் விலை கேட்டு ஆள் அனுப்பத் தொடங்கினான்.

விதானையார் குடும்பத்துக்கு மூத்த மருமகன் நான். என் கண்ணுக்கு முன்னால் இந்தத் தெரு போவதற்கு விட்டால் மையவாடியில் என் மாமனாருக்குப் பக்கத்தில் என்னை எப்படிக் கொண்டுபோய் வைப்பார்கள்?

அப்போதுதான் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் இஹ்ஸான் வந்தார். சம்மாந்துறைக்காரர், வரலாறு படிப்பிக்கிறவர். ஒரு பகுதியைப் பழைமை வாய்ந்த குடியிருப்பு என்று அரசாங்கம் பதிந்துகொண்டால் அங்கே ஒருவரும் இஷ்டத்துக்கு உடைக்கவோ மாடி எழுப்பவோ முடியாது என்று அவர் சொன்னார். அதற்கு, பதினான்கு வீட்டில் பத்து வீட்டுக்காரராவது சம்மதிக்க வேண்டும். அவர் ஆறு மாதம் அளந்தார், படம் பிடித்தார், அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு கோவை செய்தார். ஒப்பம் வாங்குவதற்கான தாளையும் அவரே தயாரித்தார். ‘இலக்கம், வீட்டுக்காரர் பெயர், ஒப்பம்’ என்று மூன்று நிரல். நான் கோவையைப் பக்கம் பக்கமாக வாசித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ‘திருத்தப்பட வேண்டியவை’ என்ற தலைப்பில் ஓட்டை விழுந்த கூரைகள், வெடித்த சுவர்கள், அதற்குக் கீழே ‘வேலிச் சேதங்கள் - 11’ என்று இருந்தது. சரி என்று ஒப்பமிட்டேன்.

பதினான்காவது ஒப்பத்தை நான் வாங்கவில்லை. அது எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிற வீடு. சுஹறாவின் தங்கை பளீலாவின் வீடு. அவளுடைய கணவன் ஸஹீத் மௌத்தாகி ஏழு வருடம். ஆம்பிளை இல்லாத வீட்டில் யாரிடம் ஒப்பம் வாங்குவது? பத்து போதும் என்கிற இடத்தில் பதின்மூன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில், அப்படிப் பதிகிற திணைக்களத்து அதிகாரி அம்பாறையிலிருந்து வேனில் வந்து இறங்கினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். தமிழ் தெரியாது; கோவையையும் மகஜரையும் திணைக்களத்தில் சிங்களத்துக்கு மாற்றி வாங்கியிருந்தார். இஹ்ஸானின் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். ஆகவே பதினான்கு வருடத்துக்குப் பிறகு நான் மறுபடியும் முதலியார் ஆனேன். எங்கள் நடு அறையில் மேசைக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஒப்பமிட்ட ஆண்கள், நடுவில் நான். முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உரைபெயர்ப்பாளர் உட்காருவதில்லை.

அதிகாரி எங்கள் மகஜரை ஒரு கையிலும், காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த தாள்களை மறு கையிலும் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார்.

“இந்தப் பதின்மூன்று பேரில் ஒருவருடைய பெயரும் பதிவில் இல்லையே. காணிகள் எல்லாம் பெண்களுடைய பெயரில் இருக்கின்றன. நீங்கள் யார்?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். எங்கள் பக்கத்து வீட்டு ஹிஷாம்தான் முதலில் வாயைத் திறந்தார். நெல் ஆலை வைத்திருந்தவர், சத்தமாகத்தான் கதைப்பார்.

“நாங்க வீட்டுக்காரர்தானே மேடம்! இஹ்ஸான்ட தாளில அப்பிடித்தானே போட்டிரிக்கி?”

அங்கேதான் எனக்கு விளங்கியது. எங்கள் பகுதியில் வீடு மகளுக்கு. உறுதிப் பத்திரம் அவளுடைய பெயருக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். நானும் ஐம்பது வருடத்துக்கு முந்தி ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்குள் வந்தவன்தான். இஹ்ஸான் ‘வீட்டுக்காரர்’ என்று எழுதியது உரிமையாளர் என்ற நினைப்பில். நாங்கள் எல்லோரும் ஒப்பமிட்டது புருஷன் என்ற உரிமையில். சொல்லையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

“எங்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்” என்று அதிகாரிக்கு விளக்கினேன். என் காது சூடாவது எனக்கே தெரிந்தது.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். “அப்படியென்றால் இந்த மகஜரில் இருப்பது பதின்மூன்று கணவர்மார். நல்லது. மனைவிமாரைக் கூப்பிடுங்கள். அவர்களோடு கதைக்காமல் நான் போக முடியாது.”

சுஹறா குசினிக் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பின்பக்கம் போய்விட்டாள். யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடுத்த வளவில் கேட்டது. பிறகு அதற்கு அடுத்ததில்.

அதிகாரி தேத்தண்ணி குடித்துக்கொண்டு தெருக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒருவரும் வரவில்லை. கோப்பை முடிவதற்குள் குசினிப் பக்கமாகப் பன்னிரண்டு பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடு அறைக்குள் வந்து நின்றார்கள். ஒருத்தியின் கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. ஆண்கள் எழும்பிக் கதிரைகளைக் கொடுத்துவிட்டு விறாந்தைக்குப் போனார்கள்.

“இவர்கள் எந்த வழியால் வந்தார்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“வாங்க, காட்டுறன்” என்றாள் சுஹறா.

பின்வளவுக்குப் போனோம். வளவுக்கும் வளவுக்கும் நடுவில் தகரமோ கிடுகோ அடைத்த வேலிகள். ஒவ்வொரு வேலியிலும் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் கட்டை நட்டிருக்கும். கீழே மண் தேய்ந்து பாதையாகி இருக்கும். உம்மாவின் வளவைப் பிரித்து மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுக்கும்போது வேலி போடுவார்கள். வேலி போடுகிற அன்றைக்கே அந்த வழியையும் விட்டுவிடுவார்கள். அரிசி, கறி, பிள்ளை, செய்தி, சண்டை எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், வரும். தெரு எங்களுக்கு. அது அவர்களுக்கு. அதைக் கடப்பு என்போம்.

அதிகாரி ஒன்றுக்குள் புகுந்து மறுபக்கம் போனார். அங்கேயிருந்து அடுத்ததற்குப் போனார். திரும்பி வந்து கோவையின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார்.

“வேலிச் சேதங்கள் பதினொன்று. திருத்தப்பட வேண்டும். இவையா?”

இஹ்ஸான் தலையைக் குனிந்துகொண்டார். “சேர், ஆறு மாதம் அளந்திருக்கிறன்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். “எல்லாத்தையும் ஓட்டை எண்டுதான் எழுதினன்.” அவர் ஆம்பிளை. முன்வாசலால் வந்து முன்வாசலால் போனவர். நானோ ஐம்பது வருடம் இங்கேயே இருந்துகொண்டு அதை வாசித்துச் சரி என்றவன்.

“இதற்கு என்ன பெயர்?” என்று அதிகாரி கேட்டார்.

“கடுல்ல” என்றேன் சிங்களத்தில். எல்லைத் தகராறு வழக்குகளில் எத்தனையோ முறை பயன்படுத்திய சொல். சொன்ன உடனே எனக்குத் திருப்தியில்லை. கடுல்ல என்பது மாடு உள்ளே வராமல் குறுக்கே கம்பு போடுகிற இடம். இது ஆள் வருவதற்கு விட்ட இடம். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது தெருப்பக்கம் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது.

பளீலா வந்திருந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. அவள் மட்டும்தான் தெருவால் வந்தவள்.

“இந்த அம்மாவின் வீடு தூரமா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்ல மேடம்” என்றாள் சுஹறா. “அந்தா, அந்த மதிலுக்கு அங்கால. என்ட தங்கச்சி.”

எங்கள் பின்வேலியில் எல்லாம் தகரம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நாலு அடி அகலத்துக்குச் சீமெந்துக் கல் மதில். அதன் மேல் என் எலுமிச்சை மரம் சாய்ந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். எல்லோரும் உள்ளே போனோம்.

பளீலாவிடம்தான் முதலில் கேட்டார்: இந்தப் பாதுகாப்புக்குச் சம்மதமா?

“என்னட்ட ஒருத்தரும் கேக்கலியே மேடம்” என்றாள் பளீலா. “மகஜர் எங்கட வாசலால போனத்தக் கண்டன். குடையும் வெள்ளச் சட்டயுமா வந்தாரு, எங்கட வீட்டக் கடந்து போயிட்டாரு. ஆம்புள இல்லாத வீடாம். ஆம்புள இல்லாட்டி வீட்டுக்கு வாசலும் இல்ல எண்டு நினைச்சாராக்கும்.”

பெண்கள் சிரித்தார்கள். நான் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். குடையையும் சொன்னேன். வெள்ளைச் சட்டையையும் சொன்னேன்.

பிறகு சுஹறா எழும்பினாள். ஐம்பது வருடத்தில் வெளி ஆட்களுக்கு முன்னால் அவள் எழும்பி நின்று கதைத்ததை நான் கண்டதில்லை.

“மேடம், நீங்க பழசக் காப்பாத்த வந்திரிக்கீங்க. நல்லம். எனக்கும் விருப்பம்தான். ஆனா இந்தத் தெருவுல பழச முதல்ல உடைச்சவன் ஹொஸ்டல்காரன் இல்ல. அவன் வந்து மூணு வருஷம். அதுக்குப் பத்து வருஷம் முந்தியே உடைச்சாச்சு. என்ட வீட்டுக்காரர்தான் உடைச்சாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார், ஆனால் அவருக்கு நான் வாய் திறந்தால்தான் விளங்கும்.

நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ‘எனக்குச் சம்மதம், வேறு ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. பத்து ஒப்பம் அன்றைக்கே கிடைத்திருக்கும். தெரு தப்பியிருக்கும். என் பெயரும் தப்பியிருக்கும். அவ்வளவையும் நான் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

“இந்தத் தெருவில் பழைமையை முதலில் உடைத்தவர் என் கணவர்தான்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

“யாருடைய கணவர்?”

“இந்த அம்மாவுடைய கணவர்.”

“அவர் இங்கே இருக்கிறாரா?”

“இருக்கிறார்.”

“எங்கே?”

“உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.”

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். “நீங்கள் விரும்பினால் வேறொரு நாளைக்கு வேறொருவரைக் கூட்டிக்கொண்டு...”

“தேவையில்லை” என்றேன். “அம்மா, மேலே சொல்லுங்கள்” என்று தமிழில் சுஹறாவிடம் சொன்னேன். நீதிமன்றத்தில் சாட்சிக்காரிகளிடம் சொல்வது போலவே சொன்னேன்.

அவள் சொன்னாள். அது நடந்தது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டில். ஸஹீத் தன் முன் அறையைப் பல்கலைக்கழகத்து ஆண் பிள்ளைகள் நாலு பேருக்கு வாடகைக்கு விட்டார். வந்து இரண்டாம் நாள் அதில் ஒருவன் கிணறு எங்கே என்று தெரியாமல், வாளியோடு கடப்புக்குள்ளால் எங்கள் பின்வளவுக்கு வந்துவிட்டான். என் மகள் முழுகிவிட்டு முடியைக் காயவிட்டுக்கொண்டு நின்றாள். அவன் பயந்து வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். மறுநாள் காலையில் நான் மேசனைக் கூட்டி வந்து கடப்பை அடைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வயதுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கிற வீடு. என் மானம் என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

“ஸஹீத் மச்சான் ஒரு சொல் சொல்லல்ல” என்றாள் சுஹறா. “ஒரு கிழமையில அந்தப் பொடியன்கள அனுப்பிட்டாரு. மதில் இருந்திட்டு. மறுகா அவர் மௌத்தானாரு. தங்கச்சி இத்தா இருந்தாள். நாலு மாசமும் பத்து நாளும் அவள் வெளிய வரேலாது, நான்தானே போகணும். அவட வளவுக்கு அந்த ஒரு கடப்புத்தான். முந்தி எண்டா பதினெட்டு எட்டு வச்சாப் போதும். மதிலுக்குப் பிறகு தெருவால இறங்கி, பெரிய றோட்டால போய், மூலையால திரும்பி, பின் ஒழுங்கையால வரணும். நானூத்திப் பத்து எட்டு. காலையில கஞ்சியோட ஒருக்கா, அஸருக்குப் பிறகு ஒருக்கா. முழங்கால் நோவோட நடந்தன். எண்ணிக்கொண்டுதான் நடந்தன்.”

விதி விதிதான். “நான் நானூற்றுப் பத்து எட்டு நடந்தேன்” என்று நான் சொன்னேன். “காலையில் கஞ்சியோடு ஒரு தடவை. மாலையில் ஒரு தடவை. முழங்கால் நோவோடு நடந்தேன். எண்ணிக்கொண்டு நடந்தேன்.” அந்த நாட்களில் நான் முன் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன். அவள் கஞ்சிப் பாத்திரத்தோடு படியிறங்குவதையும் கண்டிருக்கிறேன். எங்கே போகிறாள் என்று தெரியும். எவ்வளவு தூரம் என்று நினைத்ததில்லை.

“அந்த மதில் கிடக்கிற வரைக்கும் நான் ஒப்பம் வைக்க மாட்டன்” என்றாள். “அது கிடக்க, பழசு எண்டு போர்ட் நட்டா அது பொய்.”

மற்றப் பெண்கள் கதிரைகளை விட்டு எழும்பி அவளோடு நின்றார்கள். அடுத்த வியாழனுக்குள் உரிமையாளர்களுடைய ஒப்பம் பத்து வந்தால் மேலே அனுப்புவேன், இல்லாவிட்டால் கோவையை மூடுவேன் என்று அதிகாரி சொன்னார். போகும்போது என் கையைப் பிடித்து, “இப்படி ஒரு உரைபெயர்ப்பை நான் கேட்டதில்லை” என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹிஷாம் பக்கத்தில் வந்தார்.

“என்ன முதலியார், சொந்த வழக்கில தோத்திட்டீங்களாமே?”

“தீர்ப்பு இன்னும் வரவில்லை” என்றேன்.

“ஒண்டும் யோசிக்காதீங்க. என்ட மனிசியும் ராத்திரி கேட்டா, ‘நீங்க ஆர்ர வீட்டுக்கு ஒப்பம் வச்சீங்க’ எண்டு. சோத்தத் திண்டுபோட்டுப் படுத்திட்டன்.”

நான்கு நாள் சுஹறா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தேத்தண்ணி நேரத்துக்கு வந்தது. சாறன் மடித்து வைத்திருந்தது. நான் பின்வளவுக்குப் போய் மதிலைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். அன்றைக்கு நான் அடைத்தது பிழை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மகளின் தகப்பன் வேறு என்ன செய்வான்? ஆனால் பொடியன்கள் ஒரு கிழமையில் போய்விட்டார்கள். மகள் கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய் ஒன்பது வருடம். அதற்குப் பிறகும் மதில் ஏன் நின்றது? இந்தக் கேள்வியை வேறொருவரைக் கூண்டில் நிறுத்திக் கேட்டிருந்தால் நான் பெயர்த்துச் சொல்லியிருப்பேன். இது என்னிடமே கேட்கிற கேள்வி. அடைத்தவன் நான். திறக்கும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருந்தேன் போலும். கதிரை போட்டால்தானே உட்காருகிறவன்.

இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வேலி சுஹறாவினதும் பளீலாவினதும். அவர்களுடைய உம்மா விட்ட வழி. என் பெயரில் இல்லாத காணியில் என் மானத்துக்கு நான் மதில் கட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு மேசனைக் கூட்டி வந்தேன். எலுமிச்சையின் இரண்டு கொப்பை நானே வெட்டினேன். பழைய சாந்து நல்ல சாந்து. முதல் கல் பெயர்வதற்கு நேரம் எடுத்தது. நான் பக்கத்தில் நின்றேன், குடையை ஊன்றிக்கொண்டு. ஒவ்வொரு கல்லாக இறங்க, அங்கால பக்கம் தெரிந்தது.

என் பக்கத்தில் மதிலோடு சேர்த்து விறகு அடுக்கியிருந்தேன், எலுமிச்சை வைத்திருந்தேன், உடைந்த ஒரு கட்டிலும் கிடந்தது. பளீலாவின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவளுடைய குசினி வாசலிலிருந்து மதிலடி வரைக்கும் வெறும் மண், ஈர்க்கிலால் கூட்டிய கோடுகளோடு. ஒரு செடி நடவில்லை. ஒரு சாமான் வைக்கவில்லை. கடப்பின் பழைய கட்டைகள் இரண்டும் அவளுடைய பக்கத்தில் இன்னும் நின்றன. பதின்மூன்று வருடம் யாரும் நடக்காத பாதையைக் கூட்டியிருக்கிறாள்.

பளீலா குசினி வாசலில் நின்றாள். நான் கல் துண்டுகளைத் தாண்டி, கடப்புக்குள்ளால் குனிந்து அங்கால போனேன். இந்த ஐம்பது வருடத்தில் அந்த வழியால் நான் போனது அதுதான் முதல் தடவை. ஆண்கள் போகிற வழி இல்லை அது. கையில், ‘உரிமையாளர்’ என்று நிரலை மாற்றிய புதிய மகஜர்த் தாள் இருந்தது. நின்றுகொண்டுதான் கேட்டேன்.

“பளீலா, ஒப்பம் வேணும்.”

அவள் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள்.

“என்ன மச்சான், கிணறு தெரியாம வந்திட்டீங்களா? வாளி எங்க?”

எனக்குப் பின்னால் சுஹறா சிரித்துவிட்டாள். மேசனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

“ஒப்பம் வைக்கிறன்” என்றாள் பளீலா. “ஆனா ஒண்டு. முன் அறை சும்மா கிடக்கு. கம்பஸ் புள்ளைகள் ரெண்டு பேர் வந்து கேட்டிட்டுப் போயிரிக்காங்க. பொம்புளப் புள்ளைகள்தான். வைக்கப் போறன். மறுகா மேசனக் கூட்டிக்கொண்டு வந்திராதீங்க.”

“உன் வீடு” என்றேன்.

“ராத்தா, கேட்டியா? என்ட வீடாம்!” என்று அவள் எனக்கு மேலால் சுஹறாவிடம் சொன்னாள். சுஹறா கடப்புக்குள்ளால் வந்து, என்னைத் தாண்டி, குசினிக்குள் போனாள். அவளுடைய வாய் அசைவதைப் பார்த்தேன். எட்டுகளை எண்ணிக்கொண்டுதான் போனாள்.

புதன்கிழமை முழுவதும் அந்தத் தாளோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். விறாந்தையில் கதிரை போடுவதற்கு முந்தியே என்ன காரியம் என்று சொன்னேன். எல்லாமாகப் பதினொரு பெண்கள் ஒப்பம் வைத்தார்கள். மூன்று பேர் வைக்கவில்லை. மகள்மாருக்கு வீடு வேண்டும், மேலே ஒரு தட்டு எழுப்பாமல் எங்கே போவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதை அப்படியே எழுதிக் கோவையில் சேர்க்கும்படி இஹ்ஸானிடம் சொன்னேன். வாசித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். மகளுக்கு வீடு கட்டிக் கட்டித்தானே இந்தத் தெருவே உண்டானது சேர் என்றார். அதையும் எழுதுங்கள் என்றேன்.

நாற்பத்தோராம் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். பன்னிரண்டு என்று எண்ணிக்கை மாறியது. ‘திருத்தப்பட வேண்டியவை’ என்ற தலைப்பு ‘பாதுகாக்கப்பட வேண்டியவை’ என்று ஆனது. இந்தத் தடவை சிங்களப் பிரதியை நானே செய்தேன். எல்லாச் சொல்லும் வந்தது. அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். கடுல்ல என்று எழுதி வெட்டினேன். ‘வேலி வழி’ என்று எழுதி வெட்டினேன். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு சொல்லைப் பெயர்க்காமல் விட்டவன் இல்லை நான். கடைசியில் கடப்பு என்றே சிங்கள எழுத்தில் எழுதினேன். அந்த அதிகாரிக்கு விளங்கும். அவர் அதற்குள்ளால் போய் வந்தவர்.

உரிமையாளர் என்ற நிரலில், பளீலாவுக்குக் கீழே, இரண்டாவதாக ‘சுஹறா’ என்று என் மனைவி தன் கையால் எழுதியிருந்தாள். கீழே, தாளின் ஓரத்தில், உரைபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் ஒப்பமிட்டேன்.